கரும்பு சீவும் அலகு

எழுபதுகளின் நடுவில் திருச்சியில் பழைய பேனாக்கத்தி சேகரித்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. தபால்தலை சேகரித்தவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் இருந்தது, மாதம் ஒரு கூட்டம் இருந்தது, கூட்டத்தில் வடையும் காப்பியும் இருந்தன. பழைய காசு சேகரித்தவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளும் அளவுக்கு எண்ணிக்கையில் இருந்தார்கள். என்னை ஏமாற்றக்கூட ஆள் இல்லை. அந்த வேலையையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கன்டோன்மென்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். வீடு பாலக்கரையில். மனைவி ஸ்கூலில் கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றது. நான் சாய்வு நாற்காலி வாங்கப் போனேன். எனக்கு முன்னால் எங்கள் பங்குச் சாமியார் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். வெறுங்கையோடு திரும்ப ரோஷம் இடம் கொடுக்கவில்லை. முத்துச்சிப்பிப் பிடி போட்ட, சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு பேனாக்கத்தியை வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவி அதைத் திறந்தாள், கட்டைவிரலால் கூர் பார்த்தாள், "இதுல என்னத்தை நறுக்குவீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஆத்திரத்தில்தான் நான் சேகரிப்பாளன் ஆனேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு வருஷத்தில் நாற்பது கத்தி சேர்ந்துவிட்டது. மான்கொம்புப் பிடி, எலும்புப் பிடி, பித்தளைப் பிடி. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கி வைத்தது ஒன்று. சுருட்டு நுனி வெட்டுவது ஒன்று. பெரும்பாலும் காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக்கடை வைத்திருந்த ஒரு பாயிடம் வாங்கியவை. மனைவியின் பழைய வெல்வெட் ரவிக்கையை வெட்டி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் விரித்து, அதில் அவற்றைப் படுக்க வைத்திருந்தேன். நாற்பது கத்தி இருந்த எங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்க ஒரு நல்ல கத்தி இல்லை என்பதை அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது உண்மைதான்.

கத்தியை வாங்குவது சேகரிப்பு. அதற்கு ஊரும் பேரும் வயதும் கண்டுபிடிப்பது ஆராய்ச்சி. முன்னதற்குக் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். பின்னதற்கு வெட்கம் இல்லாமல் இருந்தால் போதும். என்னிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது, நூலகத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுக்காத ஒரு பழைய ஆங்கில அகராதி இருந்தது, அதில் எட்டு வகைக் கத்திகளின் படம் போட்ட ஒரு பக்கம் இருந்தது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கத்திக்கும் ஓர் அட்டை எழுதினேன். 'பிறப்பிடம்', 'காலம்', 'உடையவர்' என்று மூன்று தலைப்பு. எந்த அட்டையிலும் 'தெரியவில்லை' என்று எழுதியதில்லை. அப்படி எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கிரீடம் பொறித்த ஒரு சின்னக் கத்தியை, மலைக்கோட்டையை முற்றுகையிட வந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியினுடையது என்று எழுதி வைத்திருந்தேன். ஆபீசில் ஒரு வயதான சூப்பரின்டென்டென்ட் அதைப் பார்த்துவிட்டு, தன் அப்பாவிடமும் இதே கத்தி இருந்ததாகவும், ஒரு டஜன் மை பாட்டில் வாங்கினால் கடையில் இலவசமாகக் கொடுத்ததாகவும் சொன்னார். நான் கலங்கவில்லை. அட்டையை எடுத்து 'அதிகாரி' என்பதை அடித்துவிட்டு 'அதிகாரியின் எழுத்தர்' என்று திருத்தினேன்.

இப்படிப்பட்ட என்னைப் பற்றி எங்கள் கோயில் பங்கு மடலில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவனும் நான்தான். நாற்காலியை அபகரித்த குற்ற உணர்ச்சியில் சாமியார் அதை வெட்டாமல் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அதில் அந்தக் கிரீடக் கத்தியின் வரலாற்றை விவரித்து, என்னை நானே 'கத்தி ஆய்வாளர்' என்று குறிப்பிட்டிருந்தேன். இரண்டு வாரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்து வந்து உட்கார்ந்த நேரத்தில், நெற்றி நிறையத் திருமண்ணோடு ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

பாலக்கரையில், மாதா படம் மாட்டிய வீட்டுக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் ஐயங்கார். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிட்டன. அவர் போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிடையரானவர். உட்காரச் சொன்னேன். தோளில் இருந்த துண்டை எங்கள் நாற்காலியின் மேல் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்று மனைவி கேட்டாள். இன்றைக்கு ஏகாதசி என்றார். அவர் போனபிறகு அவள் காலண்டரைப் பார்த்தாள். ஏகாதசி போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

மடியிலிருந்து ஒரு பட்டுத்துணி முடிச்சை எடுத்தார். "எழுந்தருளப் பண்ணிண்டு வந்திருக்கேன்" என்றார். பெருமாள் விக்கிரகமோ என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவிழ்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முரட்டு மடக்குக்கத்தி.

அவர் சொன்ன விஷயம் இதுதான். அவர்கள் தெருக்கோடியில் ஒரு சின்னப் பெருமாள் சன்னிதி. ஆடிப் பதினெட்டு அன்று உற்சவர் காவேரிக் கரையில் ஒரு மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அங்கே அவருக்கு அமுது செய்யும் முதல் மாம்பழத்தை நறுக்குகிற கைங்கர்யம் போஸ்ட்மாஸ்டர் குடும்பத்துக்கு. நறுக்கியவருக்குப் பரிவட்டம், மாலை, முதல் தீர்த்தம். நாற்பது வருஷமாக அவர்தான் நறுக்கி வருகிறார். இப்போது மூன்று வீடு தள்ளி இருக்கும் பங்காளி, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்காரர், அந்த உரிமை தனக்கென்று கிளம்பியிருக்கிறார். போஸ்ட்மாஸ்டருடைய தாத்தா ஒரு காலத்தில் மூன்று வருஷம் காசிக்குப் போய்விட்டார். அந்த மூன்று வருஷமும் நறுக்கியவர் பிரஸ்காரருடைய தாத்தா. 'போன உரிமை எப்போது, யார் சொல்லித் திரும்பி வந்தது' என்பது பிரஸ்காரரின் கேள்வி.

போஸ்ட்மாஸ்டரின் பதில் அந்தக் கத்தி. தாத்தா காசியிலிருந்து வந்ததும், உரிமை திரும்பக் கிடைத்ததற்கு அடையாளமாகச் சன்னிதியே அவருக்குக் கொடுத்த கத்தி என்றார். அலகின் அடிப்பாகத்தில் ஓர் இடத்தைச் சுட்டு விரலால் காட்டினார். மூன்று கோடுகள். நடுவில் ஒன்று நேராக, இரண்டு பக்கமும் இரண்டு சாய்வாக, மூன்றும் கீழே ஒரு புள்ளியில் சேர்ந்திருந்தன. திருமண்.

தெருப் பெரியவர்கள் ஐந்து பேர் ஆனி மாதத்தில் உட்கார்ந்து பேசி முடிவு சொல்லப் போகிறார்கள். அதற்குக் கத்தியைப் பற்றி விவரம் தெரிந்தவர் ஒருவர் எழுதித் தர வேண்டும். "நீங்க எங்க சண்டையில எந்தப் பக்கமும் இல்லை. உங்க எழுத்துக்குத்தான் மதிப்பு" என்றார். அறுபது வயது மனிதர், துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். இந்த வருஷம் வேறொருவன் பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க நேர்ந்தால் அந்தத் தெருவில் தான் இருக்க முடியாது என்றார். அதைச் சொல்லும்போது குரல் கம்மியது. அது நடிப்பில்லை.

எனக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு திருமண் எப்படிப்பட்டது என்று ஸ்ரீரங்கத்துக்குச் சொல்ல, பாலக்கரை வேதக்காரனைத் தேடி வந்திருக்கிறார்கள். மனைவி அடுக்களையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த நான்கு ஞாயிறும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம். போஸ்ட்மாஸ்டர் வீட்டு ரேழியில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். காப்பி வரும். டம்ளரை என் கையில் தர மாட்டார்கள், ஸ்டூல் பக்கத்தில் தரையில் வைப்பார்கள். குடித்து முடித்ததும் அதை நானே கழுவிக் கவிழ்க்க வசதியாக ஒரு செம்பு தண்ணீரும் பக்கத்தில் இருக்கும். நான் அதையெல்லாம் ஆராய்ச்சியாளனுக்கு வரும் களப்பணிச் சிரமம் என்று எடுத்துக்கொண்டேன்.

கத்தியில் மூன்று உறுப்பு இருந்தது. ஒன்று பெரிய அலகு, மாம்பழம் நறுக்குவது. இரண்டாவது, விரல் நீளத்துக்கு ஒரு கூரான இரும்பு ஊசி. மூன்றாவது குட்டையாக, தடிமனாக, நுனியில் கொக்கிபோல் வளைந்த ஓர் அலகு. இந்த மூன்றாவதை அவர்கள் குடும்பத்தில் யாரும் உபயோகித்ததில்லை. மறுபக்கத்தில் ஏதோ எழுத்து இருந்திருக்க வேண்டும். இரண்டு தலைமுறையாகப் புளியும் சாம்பலும் போட்டுப் பக்தியோடு தேய்த்ததில் அது வழவழவென்று போய்விட்டது.

எட்டுப் பக்கம் எழுதினேன். ஆபீஸ் டைப்ரைட்டரில், ஆபீஸ் நேரத்தில், மூன்று பிரதி. ஊசி தேங்காயின் கண்ணைத் திறக்க என்று எழுதினேன். கொக்கி அலகு சன்னிதியில் கரும்பு சீவுவதற்கென்றே செய்யப்பட்டது என்று இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டு பக்கம் எழுதும் அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. ஒரே ஒரு சிக்கல். அந்தச் சன்னிதி தென்கலை. தென்கலைத் திருமண்ணுக்கு மூக்கின் மேல் இறங்கும் பாதம் இருக்க வேண்டும். கத்தியில் இருந்ததற்குப் பாதம் இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்து ரேழி வெளிச்சத்தில் அரைமணி நேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பாதம் தெரிய ஆரம்பித்தது. முன்பே முடிவு செய்துவிட்டுப் பார்த்தால் பூதக்கண்ணாடி எதையும் காட்டும். 'பல தலைமுறைகளின் கட்டைவிரல் பட்டுப் பாதம் தேய்ந்துபோயிருக்கிறது' என்று டைப் அடித்தேன். இருந்ததே இரண்டு தலைமுறை.

ஆனியில் பஞ்சாயத்து. சன்னிதிக்கு வெளியே ஒரு கூடத்தில் ஐந்து பெரியவர்கள், தெருக்காரர்கள் ஒரு முப்பது பேர். என் எட்டுப் பக்கத்தையும் ஒருவர் உரக்கப் படித்தார். நடுவில் இரண்டு பேர் தூங்கினார்கள். கத்தி கைமாறிக் கைமாறிப் போய் பிரஸ்காரரிடம் வந்தது. ஒல்லியான மனிதர், விரல் இடுக்கெல்லாம் மை. கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு நுனியை மேல்பக்கமாகப் பிடித்து, "இப்படிப் பார்த்தா அம்பு மாதிரின்னா இருக்கு?" என்றார்.

போஸ்ட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

நான் எழுந்தேன். பெருமாள் காரியத்துக்கு வந்த கத்தியை நுனி மேலாகப் பிடிப்பது அபசாரம் என்றும், கீழ்நோக்கிப் பிடிப்பதுதான் முறை என்றும், அப்படிப் பிடித்தால் திருமண்தான் என்றும் சொன்னேன். இந்த முறை எனக்கு அந்த நிமிஷம்தான் உதித்தது. ஐந்து பெரியவர்களும் தங்களுக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். கை தட்டலுக்கு ஆசைப்பட்டு இன்னொன்றும் சொன்னேன். அச்சுக்கோக்கிறவருக்கு எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்த்தே பழக்கம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தது. தூங்கிய இருவரும் விழித்துக்கொண்டு என்ன ஏது என்று கேட்டுச் சிரித்தார்கள். பிரஸ்காரர் கத்தியை மடக்கி, துணியில் வைத்துவிட்டு, சிரிப்பு அடங்கும் முன்பே வெளியே போனார்.

உரிமை போஸ்ட்மாஸ்டருக்கே என்று தீர்ப்பானது. அன்று எனக்கு ரேழி தாண்டிக் கூடத்தில் பாய் போட்டு, இலை போட்டார்கள். டம்ளர் மட்டும் பழைய டம்ளர்தான். செம்புத் தண்ணீரும் கூடவே கூடத்துக்கு வந்துவிட்டது.

வெற்றியோடு வந்தவன் சும்மா இருக்க முடியாமல் அடுத்த சனிக்கிழமை பாய் கடைக்குப் போனேன். சன்னிதியில் கரும்பு சீவும் கத்தி ஒன்றைக் கண்டுபிடித்த கதையைக் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். பாய் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்து கவிழ்த்தார்.

முப்பது கத்தி இருக்கும். பாதிக்கு மேல் துரு. எல்லாவற்றிலும் பெரிய அலகு, ஊசி, கொக்கி அலகு. நான்கைந்தைத் துடைத்துப் பார்த்தேன். அலகின் அடியில் மூன்று கோடு. சிலவற்றில் அதற்குப் பக்கத்தில் இங்கிலாந்து ஊர்ப்பெயரும் தெளிவாக இருந்தது.

"பட்டாளத்துக் கத்தி சார். சண்டை முடிஞ்சு ஏலம் போட்டப்ப எங்க அத்தா எடுத்தது. யாரும் வாங்கல, கிடக்குது" என்றார் பாய். அந்த மூன்று கோடு என்னவென்று கேட்டேன். அவர் மூலையிலிருந்து ஒரு தண்ணீர்க் குடுவையையும் இரும்புப் பெட்டி மூடி ஒன்றையும் எடுத்துக் காட்டினார். இரண்டிலும் அதே கோடுகள், நுனி மேலே பார்த்து. "அம்புக்குறி சார். வெள்ளைக்காரன் சர்க்காரு சாமானுக்கு அடிக்கிற முத்திரை. திருடினா மாட்டிக்கிடுவான்ல, அதுக்கு."

ஊசி? கனமான கயிற்றின் முடிச்சு அவிழ்க்க. கொக்கி அலகு? பாய் கொஞ்சம் தயங்கினார். நான் படம் போட்டுச் சொன்ன கதையில் சன்னிதி வந்ததை அவர் மறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "டப்பா திறக்கறது சார். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சாப்பாடு டப்பாலதான் வரும். மாட்டுக்கறி."

எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எடைக்குப் போட்டுத் தருகிறேன் என்றார். ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் அம்புக்குறியின் வரலாற்றைப் பற்றியும், என் எட்டுப் பக்கங்கள் வெளியே தெரிந்தால் என் பெயர் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் நெடுநேரம் பேசினேன். சிவப்பு மைப் பேனாவை மூடிவிட்டு, "அந்த மனுஷன் அந்தக் கத்தியால சாமிக்கு மாம்பழம் நறுக்கப் போறார். நீங்க உங்க பேரைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. சொன்னால் அவர் குடும்பத்தின் கையை விட்டுக் கைங்கர்யம் போய்விடும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். முப்பது பேர் சிரித்த அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பும் என்பதுதான் நிஜக் காரணம். ஆடி பிறந்து பத்து நாள் ஆனபிறகு, பயம் பொறுக்க முடியாமல், பாய் கடைக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

போஸ்ட்மாஸ்டர் தனியாக இருந்தார். பையிலிருந்து கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்து, இது பட்டாளத்துக் கத்தி, உங்களுடையதும் இதேதான், அது திருமண் இல்லை, சர்க்கார் முத்திரை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மனிதர் மயங்கி விழுவார் என்று தயாராக இருந்தேன். அவர் உள்ளே போய்த் தன் கத்தியைக் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு பழுப்புக் கடுதாசியை எடுத்து வந்து கொடுத்தார். தாத்தா தன் பாரியாளுக்கு எழுதியது. ஈராக்கில் இருக்கும் பாஸ்ராவிலிருந்து. பட்டாளத்துத் தபால் முத்திரை நன்றாகத் தெரிந்தது.

"காசிக்குப் போறேன்னு ஊருக்குச் சொல்லிட்டு, முதல் யுத்தத்துல பட்டாளத்துக்குக் குமாஸ்தாவாப் போனார். குடும்பத்துல சாதத்துக்கு வழியில்லை. சமுத்திரம் தாண்டினார்னு தெரிஞ்சா அன்னிக்கே தெருவை விட்டுத் தள்ளி வெச்சிருப்பா. எனக்குப் பத்து வயசுலேர்ந்து தெரியும்."

அப்படியானால் என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"தெரிஞ்சவாகிட்டப் போனா, தெரிஞ்சதைச் சொல்லிடுவா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. தபாலை எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார். பழக்கமான ஒரு தபால்காரர் கொண்டுவந்து காட்டிய என் பங்கு மடல் கட்டுரையைப் படித்தாராம். அந்தக் கிரீடம் போட்ட கத்தி மை பாட்டிலுக்கு இலவசமாக வந்தது, அவர் வீட்டிலும் ஒன்று இருந்ததாம். அதைப் படித்ததுமே இவர்தான் நமக்கு ஆள் என்று முடிவு பண்ணிவிட்டாராம்.

நான் வாழ்க்கையில் அவ்வளவு சிறுத்துப்போனதில்லை. கோபம் வந்தது. கொக்கி அலகைப் பற்றி அப்படியே போட்டு உடைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தன் கத்தியின் கொக்கி அலகை நகத்தால் நெம்பித் திறந்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது மட்டும் என்னன்னு எனக்குத் தெரியலை. கரும்பு சீவறதுக்குன்னு எழுதியிருந்தேள். வாஸ்தவந்தானா?"

அவர் குரலில் அந்தப் பழைய கம்மல் திரும்பியிருந்தது. கடல் தாண்டியதை அவர் விழுங்கிவிட்டார். இதை அவரால் விழுங்க முடியாது. நாற்பது வருஷம் அந்தக் கையால் நறுக்கியிருக்கிறார். ஒரு வார்த்தையில் அந்த நாற்பது வருஷத்தையும் என்னால் அழுகல் ஆக்கிவிட முடியும். என் கையில் முதல் தடவையாக ஒரு நிஜமான ஆராய்ச்சி முடிவு இருந்தது.

"ஆமா. கரும்புதான்" என்றேன்.

தெரியாமல் எத்தனையோ பொய் எழுதியிருக்கிறேன். உண்மை இன்னதென்று தெரிந்த பிறகும் சொன்னது அது ஒன்றுதான். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று சொல்லிக் கத்தியை மடக்கினார். காப்பி வந்தது. அன்றைக்கு டம்ளரைக் கையில் கொடுத்தார்.

ஆடிப் பதினெட்டு அன்று லீவு போட்டுவிட்டுக் காவேரிக் கரைக்குப் போனேன். ஆற்றில் புதுத்தண்ணீர், படித்துறையில் கூட்டம், காப்பரிசியும் காதோலை கருகமணியுமாகப் பெண்கள். சன்னிதி மண்டபம் சின்னது. வெளியே நின்றாலே எல்லாம் தெரியும். போஸ்ட்மாஸ்டர் பட்டுத்துணியை அவிழ்த்தார், பெரிய அலகைத் திறந்தார், மாம்பழத்தை நறுக்கினார். பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள். அவர் கத்தியைத் துடைத்து மடக்கும்போதுதான் பார்த்தேன். ஊசி இருந்தது. கொக்கி அலகு இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி அந்த இடம் காலியாக இருந்தது. அரத்தால் ராவி எடுத்த இடத்தில் இரும்பு புதிதாகப் பளபளத்தது.

ஆக, என் பொய்யையும் அவர் நம்பவில்லை. என் எட்டுப் பக்கத்தை எந்தக் கண்ணோடு படித்தாரோ, அதே கண்ணோடு என் முகத்தையும் படித்திருக்கிறார். அவருக்காக ஆறுதல்பட்டேனா, எனக்காக வெட்கப்பட்டேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் நடுவில், ஒரு நல்ல கத்தி பாழாகிவிட்டதே என்றும் மனசு அடித்துக்கொண்டது. சேகரிப்பாளன் புத்தி.

அதைப் பார்த்த இன்னொருவரும் இருந்தார். பிரஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். பெரியவர்களில் இருவர் பக்கத்திலேயே நின்றார்கள். போஸ்ட்மாஸ்டர் மாலையோடு, முழங்கைவரை மாம்பழச்சாறு வழிய, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கம் எழுதியிருந்தேளே, கரும்பு சீவற அலகுன்னு. அது எங்கே?"

எனக்குப் பதில்கள் வந்தன. துரு தின்றுவிட்டது, காலம் அரித்துவிட்டது, கரும்புக் காலத்தில் மட்டும்தான் அதைப் பொருத்துவார்கள். மூன்றும் நன்றாகவே இருந்தன. எதைச் சொல்லியிருந்தாலும் இந்த மனிதர் இன்னொரு தடவை முட்டாளாகியிருப்பார். அங்கே கூடியிருந்தவர்களில் அந்தக் கத்தியைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"எனக்குத் தெரியாது" என்றேன். கத்தி விஷயத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிரஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெரியவர்களையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு பிரசாத வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.